குறைந்த நீரில் நிலைக்கும் புல்: தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் எந்த ரகம்?

கேள்வியின் வயது

குறைந்த தண்ணீர், குறைந்த உரம், குறைந்த வெட்டு, குறைந்த மருந்து. இவ்வளவில் நிலைத்து நிற்கும் புல்தரைப் புல்லை எப்படி உருவாக்குவது, எப்படித் தேர்ந்தெடுப்பது? புல்தரைப் புல்லை ஒப்பிட்டுத் தேர்வது புதிய வேலையன்று. 1880களிலேயே அமெரிக்காவின் மிச்சிகனில் தாவரவியலாளர் வில்லியம் பீலும், கனெக்டிகட்டில் ஜேம்ஸ் ஆல்காட்டும் பலவகைப் புற்களைப் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் நட்டு ஒப்பிட்டார்கள். 1920இல் அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் புல்தரை ஆய்வுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கியது. இந்தியச் சமவெளியில் ஆங்கிலேயப் புற்கள் வெயிலுக்குத் தாங்காததால் நம் வரப்பு அறுகே மைதானங்களையும் பங்களாத் தோட்டங்களையும் மூடியது.

ஆனால் அந்த நீண்ட காலத்தின் பெரும்பகுதியில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. எந்தப் புல் அடர்த்தியாக மூடும், எது கரும்பச்சையாக இருக்கும், எதைக் குட்டையாக வெட்டலாம் என்பதே அன்றைய அளவுகோல். தண்ணீரும் உரமும் வேண்டிய அளவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தத் தேர்வுகள் நடந்தன. இன்று நர்சரிகளில் கிடைக்கும் பல ரகங்கள் அந்த நம்பிக்கையின் வாரிசுகள். இடுபொருளைக் குறைக்க வேண்டும் என்ற இன்றைய தேவைக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ரகத்தின் பெயரைவிட, அது எந்தப் பற்றாக்குறையில், எந்த மண்ணில், எந்தப் பயன்பாட்டில் சோதிக்கப்பட்டது என்பதே முதன்மையானது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அதைச் சோதித்துப் பார்க்கத் தென்காசி வட்டாரத்தைப் போலப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஒரே மாவட்டம், இரண்டு வானிலை

2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமான தென்காசி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே நுழைகிறது. ஜூன் தொடங்கிக் குற்றாலத்தில் சாரல் விழுகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிரம்புகின்றன. அதே காற்று கிழக்கே இறங்கும்போது ஈரத்தை இழந்து வறண்டுவிடுகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் வேகமாகச் சுழலும் மாதங்களும் குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களும் ஒன்றேதான். சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியுள்ள சங்கரன்கோவிலில் அந்த நாட்களில் இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வறட்காற்று அடிக்கிறது. வடகிழக்குப் பருவமழைதான் கிழக்குப் பகுதிக்கு முக்கிய மழை. மண்ணும் ஒன்றாக இல்லை: அடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல்.

இந்த வேறுபாட்டின் வலிமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் அமைத்து, கிழக்கிந்தியத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் பழக்கிப் பார்த்தது. அவை மலையையும் அடிவாரத்தையும் ஏற்றன. வெயில் காயும் சமவெளிக்குப் பரவவில்லை. குற்றாலத்தில் வென்ற செடி சங்கரன்கோவிலில் வெல்லும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. புல்லுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தண்ணீரின் அளவை ஒரு கணக்காகப் பார்க்கலாம். வெப்பப் பகுதிப் புல்தரை கோடையில் நாளொன்றுக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர் வரை நீரை ஆவியாக இழக்கும். ஒரு மில்லிமீட்டர் என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் என வைத்தால், 1,000 சதுர மீட்டர் புல்தரையைப் பிப்ரவரி முதல் மே வரை 120 நாள் பச்சையாகவே வைத்திருக்க 6 லட்சம் லிட்டர் வேண்டும். இருபது நாளுக்கு ஒருமுறை 15 மில்லிமீட்டர் மட்டும் விட்டு வேரை உயிரோடு காப்பதாயின் 90,000 லிட்டர் போதும். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் ரகத் தேர்வின் களம்.

கலப்பினத்தை நம்பும் தரப்பு

முதல் தரப்பு, அறிவியல் முறையில் உருவான கலப்பின அறுகே விடை என்கிறது. இதன் ஊற்று ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டன் ஆய்வு நிலையம். அங்கே கிளென் பர்ட்டன் நம் பொது அறுகையும் ஆப்பிரிக்க அறுகையும் சேர்த்த கலப்பினங்களை வெளியிட்டார்: 1956இல் டிஃப்கிரீன், 1960இல் டிஃப்வே, 1965இல் டிஃப்ட்வார்ஃப். டிஃப்வே திட்டமிட்ட கலப்பில் பிறந்ததுகூட இல்லை. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஆப்பிரிக்க அறுகு விதையில் தற்செயலாக முளைத்த செடி அது. இவை மும்மடிய மலட்டுச் செடிகள். விதை பிடிக்காது, துண்டை ஊன்றித்தான் பெருக்க வேண்டும். விதை இல்லாததால் பக்கத்து வயலுக்குப் பரவும் வாய்ப்புக் குறைவு. ஒவ்வாமை தரும் மகரந்தமும் குறைவு. இந்தச் சாதகங்களை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த மரபின் பிந்தைய வாரிசு டிஃப்டஃப். 1990களின் தொடக்கத்தில் செய்த கலப்புகளிலிருந்து, தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் சோதனைகளின் வழியாகத் தேறி, சந்தைக்கு வர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. டிஃப்வேயைவிட 38 சதவீதம் குறைந்த நீர் போதும் என்பது அதை முன்வைப்போர் சொல்லும் கணக்கு. பழைய ரகங்களைப் போல அழகுக்காக மட்டுமின்றிப் பற்றாக்குறையில் வைத்துத் தேர்ந்ததால் கிடைத்த பலன் இது. ஆனால் அந்த எண் ஜார்ஜியாவின் மண்ணுக்கும் ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்யும் மழைக்கும் உரியது. நான்கு மாத வெயிலும் அதன் பின்னர் வறட்காற்றும் வரும் ஆலங்குளத்தில் அதே சதவீதம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள ஆதாரம் இல்லை.

இந்தத் தரப்பின் பெரிய பலவீனம் ஒரே மரபணு அமைப்பு. ஒரு கலப்பினம் என்றால் உலகம் முழுவதும் ஒரே செடியின் துண்டுகள். இதன் ஆபத்தை இந்தியா வேறொரு பயிரில் பட்டு அறிந்தது. அதே பர்ட்டன் டிஃப்டனில் உருவாக்கிய ‘டிஃப்ட் 23ஏ’ என்ற ஆண்மலட்டுக் கம்பு வழியாகத்தான் 1965இல் நாட்டின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி.1 வந்தது. விளைச்சல் எழும்பியது, தொடர்ந்து வந்த ஒட்டு ரகங்களுக்கும் அதே தாய்வழி. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்தக் கம்புகளை வீழ்த்தியது. புல்தரையிலும் சான்று உண்டு: சின்ச் பூச்சியைத் தாங்கும் என்று 1973இல் ஃபுளோரிடாவில் வெளிவந்த ஃபுளோராடாம் என்ற செயின்ட் அகஸ்டின் புல்லின் எதிர்ப்பை அந்தப் பூச்சி 1980களின் நடுப்பகுதியில் கடந்துவிட்டது. எதிர்ப்பு உடைந்த அன்றே மருந்துத் தெளிப்பு திரும்பி வருகிறது. குறைந்த இடுபொருள் என்பது ஓராண்டுக் கணக்காக இருந்தால் போதாது. இருபது ஆண்டு தாங்க வேண்டும்.

புல்லினத்தையே மாற்றச் சொல்லும் தரப்பு

இரண்டாம் தரப்பு, அறுகுக்குள் ரகம் தேடுவதைவிட இயல்பிலேயே குறைவாகக் கேட்கும் இனத்துக்குப் போகச் சொல்கிறது. இதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சென்டிபீட் புல். சீனாவில் செடி சேகரித்துவந்த ஃபிராங்க் மேயர் 1918இல் யாங்சி ஆற்றில் இறந்தபின் அவருடைய உடைமைகளில் இருந்த விதைகளோடு அது அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மிகக் குறைந்த நைட்ரஜனில் வளர்வது, வெட்டும் குறைவு. ஆனால் புளிப்பு மண்ணைத்தான் விரும்பும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்துக் கிடைக்காமல் வெளுக்கும். கிழக்குத் தென்காசியின் கரிசலுக்கு அது ஏற்றதாகத் தோன்றவில்லை.

நம் நர்சரிகளில் ‘கொரியன்’, ‘மணிலா’ என்று சதுர அடிக் கணக்கில் விற்பவை பெரும்பாலும் சோய்சியா இனங்கள். மணிலாப் புல்லை லின்னேயஸ் விவரித்ததே மலபார்க் கடற்கரை மாதிரியை வைத்துத்தான். அது நமக்கு அந்நியப் புல் அன்று. சோய்சியா அறுகைவிட நிழலைத் தாங்கும், மெதுவாக வளர்வதால் வெட்டும் உரமும் குறையும். அந்த மெதுவான வளர்ச்சியே அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும்கூட. துண்டு துண்டாக ஊன்றிய சோய்சியா நிலத்தை மூடப் பல மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கோரை ஏறிவிடும். கோரையை இழுத்தால் மேல்தாள் மட்டும் கையோடு வரும். கிழங்கு ஒரு சாண் ஆழத்தில் சங்கிலியாக நின்று மறுவாரமே முளைவிடும். குந்தி அமர்ந்து களை எடுக்கும் பெண்களின் கூலி நாட்களையும் இடுபொருளாக எண்ணினால், சோய்சியாவின் முதலாண்டுக் கணக்கு அவ்வளவு மலிவாக இராது. நீரிலும் எச்சரிக்கை வேண்டும்: பச்சையாகவே இருக்க வேண்டுமானால் சோய்சியா அறுகைவிட அதிக நீர் கேட்பதை வறட்சிச் சோதனைகள் பல காட்டியுள்ளன. அறுகின் வேர் ஆழம் அதற்கு இல்லை.

அகன்ற இலையுடைய ஆக்சோனோபஸ் புல் மரநிழலையும் ஈரமண்ணையும் விரும்பும். உரம் அதிகம் கேட்காது. குற்றாலம், ஐந்தருவி அடிவாரத்தின் தோப்பு நிழலுக்கு அது பொருந்தக்கூடும். தென்காசி நகரைத் தாண்டிக் கிழக்கே வந்தால் முதல் கோடையிலேயே கருகிவிடும். உப்பு நீரைத் தாங்கும் பாஸ்பாலம் கடலோரத்துக்கு நல்ல விடை. உவர்க் கிணறுகள் தவிர மற்ற இடங்களில் அதற்கு இங்கே தனிச் சிறப்பு இல்லை. ஆக, இனத்தை மாற்றுவது இடத்துக்கு இடம் சரி. மாவட்டம் முழுமைக்கும் ஒரே இனத்தைப் பரிந்துரைக்க முடியாது.

பராமரிப்பே போதும் என்ற தரப்பு

மூன்றாம் தரப்பு, ரகத்தைத் தேடுவதே திசைதிருப்பல் என்கிறது. சற்று உயரமாக வெட்டினால் வேர் ஆழமாகும். தினமும் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக நனைத்தால் நீர் மிச்சமாகும். வெட்டிய புல்லை அங்கேயே விட்டால் நைட்ரஜன் தேவையில் ஏறத்தாழக் கால்பங்கு திரும்பி வரும். இவை யாவும் உறுதியாக நிறுவப்பட்டவை, செலவில்லாதவை. இந்த வட்டாரத்துப் புல்தரைகளில் நாளையே குறைக்கக்கூடிய இடுபொருளில் பெரும்பங்கு இந்த வழியில்தான் குறையும்.

ஆயினும் பராமரிப்பு எவ்வளவு எடுபடும் என்பதை ரகமே வரையறுக்கிறது. வேரே ஆழம் போகாத செடியை இடைவெளி விட்டு நனைத்தால் அது காயும். உயரமாக விட்டால் தாள் சாய்ந்து அடியில் பழுக்கும் ரகத்தை உயரமாக வெட்டச் சொல்வதில் பயனில்லை. ரகமும் பராமரிப்பும் தனித்தனி விடைகள் ஆக மாட்டா. குறைந்த பராமரிப்பில் வைத்துத் தேர்ந்த ரகத்தில்தான் குறைந்த பராமரிப்பு நிலைக்கும்.

புல்தரையே வேண்டாம் என்ற தரப்பு

நான்காம் தரப்பின் கேள்வி அடிப்படையானது: குடிநீருக்கே கோடையில் திண்டாடும் ஊர்களில் அழகுக்காகப் புல் வளர்ப்பது நியாயமா? இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்லக் கூடாது. யாரும் கால் வைக்காத, பார்வைக்கு மட்டுமான புல்தரைக்குக் கோடையில் நீர் விடுவதை நியாயப்படுத்த முடியாது. அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 2021இல் இயற்றிய சட்டம் இந்த வேறுபாட்டைத்தான் பற்றிக்கொண்டது: பயன்பாடற்ற அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைத் தடுத்தது, விளையாட்டுத் திடல்களை விட்டுவைத்தது. பள்ளி மைதானம், பூங்காவில் குழந்தைகள் ஓடும் இடம், மழையில் மண் அரிக்கும் சரிவு, குளக்கரை, வாய்க்கால் ஓரம் ஆகியவற்றில் புல் செய்யும் வேலையைச் சிமென்ட் தளமும் ஜல்லியும் செய்யா; புழுதியையும் வெப்பத்தையும் அவை கூட்டும்.

மாற்றுச் செடிகளிலும் கவனம் வேண்டும். புல்லுக்குப் பதிலாகப் பல தோட்டங்களில் நடப்படும் மஞ்சள் பூ வெடேலியா, உலகின் மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருப்பது. நீலகிரியில் கிகுயூப் புல் நாட்டுப் புற்களின் இடத்தைப் பிடித்ததும் நினைவில் இருக்க வேண்டும். காட்டை ஒட்டிய குற்றாலத்தில் ‘தண்ணீர் வேண்டாம், தானாகப் பரவும்’ என்பதைத் தகுதியாகக் கொண்டாடுவது ஆபத்து. எந்த இடுபொருளும் இல்லாமல் வெல்லும் செடி, வேலி தாண்டியும் வெல்லக்கூடும்.

உள்ளூர் அறுகிலிருந்து தேர்வு

ஐந்தாவது வழி அதிகம் பேசப்படாதது. அதன் பக்கமே இக்கட்டுரை சாய்கிறது. நம் மண்ணிலேயே கிடக்கும் அறுகின் பலவகைகளிலிருந்து தேர்ந்தெடுப்பது. ஆடு மேய்ந்த மேய்ச்சல் நிலத்து அறுகையும் வரப்பு அறுகையும் பிடுங்கி அருகருகே வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். வரப்புச் செடியில் கணுவுக்குக் கணு இடைவெளி நீளம். தாள் நிமிர்ந்து கதிர் தள்ளியிருக்கும். மேய்ச்சல் நிலத்துச் செடியில் கணுக்கள் நெருங்கி, ஒவ்வொன்றிலும் வேர் இறங்கி, தாள் மண்ணோடு படுத்திருக்கும். கீழே தோண்டினால் செதில் மூடிய வெண்ணிறக் கிடைத்தண்டு. கோடையில் மேல்பரப்பு காய்ந்து பழுப்பானாலும் முதல் மழைக்குத் துளிர்ப்பது அங்கிருந்துதான். ஆட்டின் வாயும் மனிதர்களின் காலும் வெயிலும் நூற்றாண்டுகளாகத் தேர்வு செய்த செடி அது.

இத்தகைய இயற்கைத் தேர்வைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு உலகச் சான்று உண்டு. ஆங்கிலேயச் சூழலியலாளர் அந்தோணி பிராட்ஷா, வேல்ஸ் நாட்டுச் சுரங்கக் கழிவுமேடுகளில் ஈயத்தையும் செம்பையும் தாங்கி வளர்ந்த புற்களை ஆராய்ந்தார். அந்த வழியில் மெர்லின், கோகினன், பாரிஸ் போன்ற ரகங்கள் சந்தைக்கே வந்தன. பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் வளர்ந்த அறுகு, சாதாரண நிலத்து அறுகைவிட உப்பைக் கூடுதலாகத் தாங்கியதை ஃபைசலாபாத் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிரியாவில் பார்லி மீது வேலை செய்த சால்வடோர் செக்கரெல்லி, வளமான ஆய்வுப் பண்ணையில் வென்ற ரகம் வறண்ட உழவர் நிலத்தில் தோற்பதைக் கண்டு, எந்த நிலத்துக்கு ரகம் வேண்டுமோ அந்த நிலத்திலேயே தேர்வு நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

எதிர்வாதங்கள் வலுவானவை. பற்றாக்குறையைத் தாங்கும் செடி பொதுவாக மெதுவாக வளரும், வளமான இடத்தில் பின்தங்கும். உலோகம் தாங்கிய புற்கள் நல்ல மண்ணில் போட்டியில் தோற்றதை பிராட்ஷாவின் மரபே பதிவு செய்தது. எனவே உள்ளூர்த் தேர்வு நட்சத்திர விடுதியின் முகப்புக்குக் கலப்பினத்தை வெல்லாமல் போகலாம். நாட்டு அறுகு விதை பிடிக்கும், மகரந்தம் விடும், தென்னந்தோப்புக்கும் வயலுக்கும் புகுந்து களையாகும் என்பது இரண்டாவது. அறுகு இந்த வயல்களில் ஏற்கெனவே இருப்பதால் புதிய இனம் எதுவும் நுழையவில்லை என்பது பாதிப் பதில்தான். கதிர் குறைவாகத் தள்ளும் செடிகளை மட்டும் தேர்வதும், நடைபாதையோ கல்வரிசையோ எல்லையாக இருக்கும் இடங்களில் மட்டும் நடுவதும் மீதிப் பதில். சேகரிக்கும்போது மண்ணோடு கோரைக் கிழங்கும் வரும் என்பது மூன்றாவது. ஓடுதண்டின் நுனியிலிருந்து நான்கைந்து கணுக்களை மட்டும் வெட்டிக் கழுவி, தட்டில் வேர்விடச் செய்து பெருக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

புல்லுக்கு ஏன் பொதுப்பணம் என்பது நான்காவது எதிர்வாதம். பாத்திச் சோதனைக்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. குற்றாலத்தில் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. ஊர்மேலழகியானில் வேளாண் அறிவியல் நிலையம். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி. அடிவாரம், இடைநிலம், கரிசல் என மூன்று இடங்களில், இருபது முப்பது உள்ளூர் அறுகுகளையும் சந்தையில் உள்ள கலப்பினத்தையும் சோய்சியாவையும் சிறு பாத்திகளில், ஒவ்வொன்றும் மூன்று முறை வருமாறு நட வேண்டும். நன்றாக வேர்பிடித்தபின் பிப்ரவரியில் நீரை நிறுத்தி, மே முடியும்வரை வாரம் ஒருமுறை மேலிருந்து படம் எடுத்துப் பச்சைப் பரப்பின் சதவீதத்தைக் கணக்கிட வேண்டும். மழை வந்தபின் எத்தனை நாளில் எது திரும்பி எழுகிறது என்பதையும் குறிக்க வேண்டும். களை எடுத்த மணிநேரமும் வெட்டிய தடவையும் பதிவாக வேண்டும். குறைந்தது மூன்று ஆண்டுகளாவது நடந்தால்தான் ஒரு மோசமான பருவமழையும் அதில் அடங்கும். இதிலிருந்து கிடைக்கும் செடிகள் குளக்கரைக்கும் வாய்க்கால் சரிவுக்கும் தீவனத்துக்கும்கூட உதவும் என்பதால் செலவு புல்தரையோடு நின்றுவிடாது.

பழுப்பை ஏற்பது பற்றி

இந்தத் தேர்வு முறை ஒரு மனமாற்றத்தையும் கேட்கிறது: கோடையில் புல் பழுப்பாவதைத் தோல்வியாகக் கருதாமலிருப்பது. சுற்றுலாவை நம்பும் ஊரில் இது முடியுமா என்பது நியாயமான ஐயம். குற்றாலத்தின் நாட்காட்டியே இதற்குத் துணை நிற்கிறது. கூட்டம் பெருகுவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சீசனில். பிறகு கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வருகையில். முதலாவது சாரல் காலம், இரண்டாவது வடகிழக்கு மழையின் காலமும் அதன் ஈரம் மண்ணில் நிற்கும் காலமும். ஊருக்குப் பச்சை வேண்டிய மாதங்களில் வானமே அதைத் தருகிறது. கோடை விடுமுறை நாட்கள் மட்டுமே விதிவிலக்கு. ஆண்டு முழுவதும் பச்சை என்ற அளவுகோலை இங்கே சுமத்தத் தேவையில்லை. கிழக்குப் பகுதியில் இந்த வசதி குறைவு. அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரையும் பழுப்பு நீளும். அதனால்தான் அங்கே புல்தரையின் பரப்பையே பயன்பாட்டு இடங்களோடு சுருக்க வேண்டும்.

மதிப்பீடு

ஐந்து தரப்புகளையும் எடைபோட்டால் சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. பராமரிப்பை மாற்றுவது உடனடிப் பலன் தரும், எந்த ரகத்துக்கும் அதுவே முதல் படி. அலங்காரத்துக்கு மட்டுமான புல்லைக் குறைப்பது சரி. வெயில்படும் இடத்தில் அறுகும், நிழலில் சோய்சியாவோ அடிவார ஈரத்தில் ஆக்சோனோபஸோ பொருந்தும் என்பதற்கு அவற்றின் இயல்பே ஆதாரம். வெளியூரில் சோதித்த நீர்ச் சதவீதங்களை இங்கே வாக்குறுதியாக ஏற்கக் கூடாது. ஒரே செடியின் துண்டுகளால் ஒரு மாவட்டத்தை மூடவும் கூடாது.

திறந்திருப்பவை வேறு. தென்காசி அறுகுகளில் வறட்சி தாங்கும் தன்மையும் மிதிபடத் தாங்கும் தன்மையும் ஒரே செடியில் சேர்ந்து கிடைக்குமா, கதிர் குறைந்த செடிகள் பல தலைமுறைப் பெருக்கத்திலும் அப்படியே நிற்குமா, பல வகைகளைக் கலந்து நட்டால் ஒரே சீராக மூடுமா, அந்தக் கலப்பு நோயை உண்மையில் தடுக்குமா ஆகிய கேள்விகளுக்குப் பாத்திகள்தான் பதில் சொல்ல வேண்டும். அடிவாரத்துக்கு ஒரு தேர்வு, கரிசலுக்கு ஒரு தேர்வு என்று இரண்டு பட்டியல்கள் உருவாகும் என்பதே இப்போதைக்கு எதிர்பார்க்கக்கூடியது. அந்தப் பட்டியல்களைத் தயாரிக்கத் தேவையான செடிகள் இங்கேயே இருக்கின்றன. தேவையான முறையும் தெரிந்ததே. தண்ணீரை நிறுத்திப் பார்க்கும் பொறுமையோடு மூன்றாண்டுச் சோதனையைத் தொடங்குவதே இனி செய்ய வேண்டியது.